குவார்க்குகளுக்காகக் கட்டப்பட்ட கணினிகள்

அணுக்கருவில் உள்ள புரோட்டானின் நிறை, ஆற்றல் அலகில் சொன்னால், 938 மெகா எலெக்ட்ரான் வோல்ட்; அதன் உறுப்புகளான மூன்று குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் தேறும். எஞ்சிய நிறை முழுவதும் குவார்க்குகளின் இயக்கத்திலும், அவற்றைப் பிணைக்கும் குளுவான் என்னும் துகள்களின் புலத்திலும் அடங்கிய ஆற்றலாகும். இப்பிணைப்பை விவரிக்கும் குவாண்டம் நிறவியக்கவியல், குவார்க்குகள் நெருங்க நெருங்க அவற்றிடையேயான விசை தளர்கிறது என்பதை 1973இல் டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகியோர் காட்டியபின் வேரூன்றியது. ஆயினும் புரோட்டானின் அளவுக்கு விரிந்த தொலைவில் விசை வலுவாக இருப்பதால், முதலில் தோராய விடையைக் கண்டு பின் சிறு சிறு திருத்தங்களைச் சேர்க்கும் வழக்கமான கணக்குமுறை அங்கே பயன்படவில்லை; சமன்பாடு கையில் இருந்தும் புரோட்டானின் நிறையை அதிலிருந்து வருவிக்க இயலாத நிலை நீடித்தது.

1974இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் வில்சன் இதற்கு ஒரு வழி கண்டார். இடத்தையும் காலத்தையும் நாற்பரிமாணப் புள்ளிகளின் ஒழுங்கான அடுக்காக, அதாவது அணிக்கோவையாக, மாற்றிக்கொண்ட அவர், மீன்வலையின் முடிச்சுகளைப் போன்ற அப்புள்ளிகளில் குவார்க்குகளையும், முடிச்சுகளை இணைக்கும் இழைகளில் குளுவான் புலத்தையும் வைத்தார். விசை மிக வலுவாக உள்ள எல்லையில், இரு குவார்க்குகளைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் அவற்றின் இடைவெளிக்கு ஏற்ப வளர்ந்துகொண்டே போகும் என்று அவர் காட்டியது, தனிக் குவார்க் எந்தச் சோதனையிலும் அகப்படாதது ஏன் என்பதற்குத் தெளிவான விளக்கமாக அமைந்தது. ஆனால் இயற்கையின் விடை, புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு சுழியை நோக்கிச் சுருங்கும்போதுதான் கிடைக்கும். அங்கே தாளும் பேனாவும் போதவில்லை.

புரூக்ஹேவன் ஆய்வகத்தின் மைக்கேல் கிரூட்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வு கணினியை இத்துறையின் மையக் கருவியாக்கியது. காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றினால் குவாண்டம் கணக்கு புள்ளியியல் கணக்கின் வடிவத்தைப் பெறுகிறது. எனவே எல்லாப் புல அமைப்புகளையும் எண்ணிக்கொண்டிராமல், நிகழக்கூடிய அமைப்புகளைத் தற்செயல் எண்களைக் கொண்டு தேர்ந்து சராசரி காணும் மான்டி கார்லோ முறை இங்கே பொருந்துகிறது. அடுத்த ஆண்டிலேயே ஹாட்ரான்களின், அதாவது குவார்க்குகளால் ஆன துகள்களின், நிறையைக் கணிக்கும் முதல் முயற்சிகள் வந்தன. வெற்றிடத்தில் கணந்தோறும் தோன்றி மறையும் குவார்க், எதிர்க்குவார்க் இணைகளை அவை கணக்கிலிருந்து விலக்கிவைத்தன. அன்றைய கணினிகளுக்கு அதற்கு மேல் இயலாது என்பதே காரணம்.

கணக்கின் அளவு அத்தகையது. ஒவ்வோர் இடத்திசையிலும் 32, காலத்திசையில் 64 எனப் புள்ளிகளை எடுத்தால் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளும், அவற்றிலிருந்து கிளம்பும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகளும் கிடைக்கின்றன. இழை ஒவ்வொன்றும் மும்மூன்று வரிசையும் நிரலும் கொண்ட கலப்பெண் அணி. ஆயினும் ஒரு புள்ளி தன் அண்டைப் புள்ளிகளோடு மட்டுமே நேரடியாக உறவாடுவதால், அணிக்கோவையைத் துண்டுகளாக்கிப் பல சிறு செயலிகளிடம் பகிர்ந்து, அவை எல்லையில் உள்ள எண்களை மட்டும் தம்முள் பரிமாறிக்கொள்ளும்படி செய்யலாம். இந்த இயல்பைக் கண்டுகொண்ட இயற்பியலாளர்கள் சந்தையில் உகந்த கணினி வரும்வரை காத்திராமல் தாமே கணினி கட்டத் தொடங்கியதுதான் இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நார்மன் கிறைஸ்ட் குழு 1980களில் அடுத்தடுத்து இணைச்செயலிக் கணினிகளை உருவாக்கியது. இத்தாலியில் நிக்கோலா கபிபோ, ஜார்ஜியோ பாரிசி ஆகியோரின் முனைப்பில் ஏப் கணினிகள் பிறந்தன. ஐபிஎம் நிறுவனத்தில் டான் வைன்கார்ட்டன் குழுவினர் 566 செயலிகள் கொண்ட ஜிஎஃப்11 என்னும் கணினியைக் கொண்டு 1993இல் வெளியிட்ட ஹாட்ரான் நிறைகள் சோதனை மதிப்புகளை 6 விழுக்காட்டுக்குள் ஒத்திருந்தன.

அந்த ஒப்புமையின் வரம்பை வெளிப்படுத்தியதும் மற்றொரு சொந்தக் கணினியே. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் ஹிட்டாச்சியின் துணையோடு 2048 செயலிகளால் உருவான சிபி-பேக்ஸ், 1996 நவம்பரில் உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது. பிழைவரம்பை மிகவும் குறைத்து அது செய்த கணக்கு, குவார்க் இணைகளை விலக்கிய முறையின் விடைகள் உண்மையிலிருந்து ஏறத்தாழ பத்து விழுக்காடு வரை விலகுவதை ஐயமறக் காட்டியது. முன்னைய இசைவைக் கொண்டாடி நின்றுவிடாமல் அதன் குறையைத் தேடிக் கண்ட இந்த நேர்மை, வெற்றி பெற்ற எந்தக் கணிப்புக்கும் குறையாத மதிப்புடையது.

கொலம்பியா குழு புதிதாக அமைத்த கியூசிடிஎஸ்பி 1998இல் விலைக்கேற்ற திறனுக்கான கார்டன் பெல் பரிசைப் பெற்றது. அதில் பணியாற்றிய ஆலன் காரா பின்னர் ஐபிஎம்மில் புளூ ஜீன் மீக்கணினிகளின் தலைமை வடிவமைப்பாளரானார். 2004 நவம்பரில் புளூ ஜீன்/எல் உலகப் பட்டியலின் உச்சிக்கு வந்தது. ஜெர்மனியின் யூலிக் நகரில் இருந்த அதே குடும்பத்துக் கணினியையும் பயன்படுத்தி, புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்ட்டால் நகரங்களின் ஆய்வாளர்கள் 2008இல், விலக்கப்பட்டிருந்த இணைகளையும் சேர்த்து, புரோட்டான் உள்ளிட்ட இலேசான ஹாட்ரான்களின் நிறைகளைச் சில விழுக்காடு பிழைக்குள் கணித்தனர். 2015இல் அக்குழுவே மின்காந்த விசையையும் கணக்கில் கொண்டு, நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றே கனமானது என்பதையும் சமன்பாட்டிலிருந்து நேரே வருவித்தது.