பாதாம் வேரடியில் நடந்த போர்

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஒரு பாதாம் தோப்பின் ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டு. பிறகு மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றுகள் நடுவார்கள். மரம் போனாலும் வேர்த்துண்டுகள் மண்ணில் தங்கும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும் காத்திருக்கும். இளங்கன்று வேர்விட்டதும் அவற்றுக்குப் புது விருந்து.

இந்தப் பகைவர்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணவே பல காலம் ஆயிற்று. வால்நட் உள்ளிட்ட மரங்களின் வேரைத் துளைத்து அழுகவைக்கும் 'பிராட்டிலெங்கஸ் வல்னஸ்' என்ற இனத்தை ஆலன், ஜென்சன் என்ற ஆய்வாளர்கள் 1951-இல்தான் விவரித்தார்கள். வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்த்து நிற்கும் 'நெமாகார்ட்' என்ற பீச் வேர்ச்செடியை 1959-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டது. பாதாமை அதன்மேல் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். ஆனால் வளைய நூற்புழுவையும் வேரழுகல் நூற்புழுவையும் அதனால் தடுக்க முடியவில்லை.

மருந்து எளிய வழியாகத் தோன்றியது. 1950-களின் நடுவில் சந்தைக்கு வந்த டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லிக்குத் தனிச் சிறப்பு ஒன்று இருந்தது: நிற்கும் மரத்தைச் சாகடிக்காமல், பாசன நீரோடு கலந்தே மண்ணில் செலுத்தலாம். தோப்புக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

விலை பின்னால் தெரிந்தது.

1977-இல், கலிபோர்னியாவின் லாத்ரோப் நகர ஆலையொன்றில் இந்த மருந்தைக் கையாண்ட ஆண் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தன. அதே ஆண்டு கலிபோர்னியா அதன் பயன்பாட்டை நிறுத்தியது. 1979-இல் நாடு முழுவதும் பெரும்பாலான பயிர்களுக்கு அது விலக்கப்பட்டது. அடுத்து, மண்ணில் செலுத்திய மற்றொரு நஞ்சான மெத்தில் புரோமைடு: ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2005-இல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதுவும் வழக்கொழிந்தது.

இத்தனை காலமும் மண்ணிலிருந்த நூற்புழுக்கள் எல்லாமே பகைவர்களாக எண்ணப்பட்டன. உண்மையில் வேரைத் தின்பவை அவற்றில் ஒரு பகுதிதான். மற்றவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் பிற நூற்புழுக்களையும் உண்டு, மரத்துக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணில் விடுவிக்கின்றன. அமெரிக்காவில் நூற்புழு அறிவியலுக்கு அடித்தளமிட்ட நேதன் காப் (1859–1932) இந்த உயிரினங்களின் பெருக்கத்தையும் பல்வகையையும் முன்பே வலியுறுத்தியிருந்தார். 1990-இல் டச்சு அறிஞர் டாம் பாங்கர்ஸ், எந்தெந்த நூற்புழுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைக் கொண்டு மண்ணின் நிலையை அளக்கும் குறியீட்டை உருவாக்கினார். நஞ்சு பட்ட மண்ணில் விரைந்து பெருகும் இனங்கள் மட்டும் மிஞ்சும்; பெரிய வேட்டைக்கார இனங்கள் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

தோப்புக்காரருக்குப் புழுவின் சேதம் உண்மையானது. அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரு கைப்பிடி மண்ணில் யார் யார் வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் அனைத்தையும் கொன்றது பெரும் பிழை. டிபிசிபியைப் பயன்படுத்துவது நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தப் பள்ளத்தாக்கின் சில கிணறுகளில் அது இன்னும் இருக்கிறது.