மூங்கில் கரியும் பொம்மை ஹெலிகாப்டரும்

மூங்கிலைக் காற்றுப் படாமல் சுட்டால் என்ன கிடைக்கும்? கரி கிடைக்கும் என்பீர்கள். அந்தக் கரிதான் ஒரு காலத்தில் மின்விளக்காக எரிந்தது. அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் 1879ஆம் ஆண்டில் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கில் வைத்தார். அடுத்த ஆண்டு மூங்கில் இழைக்கு மாறினார். அது 1,200 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது! அதற்கு ஏற்ற மூங்கில் ஜப்பானில் கியோத்தோ நகருக்கு அருகில் கிடைத்தது. பின்னர் டங்ஸ்டன் கம்பி வரவே, கரியிழை ஒதுங்கிப் போயிற்று.

வெளிச்சம் தந்த கரியிழை பாரமும் தாங்கும் என்பது தெரியப் பல்லாண்டுகள் ஆயின. 1958இல் அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பேக்கன் எஃகைவிடப் பன்மடங்கு வலுவான கரி நார்களைக் கண்டார். அதையடுத்து ஜப்பானில் அகியோ ஷிண்டோ, கம்பளிபோல் பின்னும் அக்ரிலிக் நூலின் இனத்தைச் சேர்ந்த ஒரு செயற்கை நூலைக் கரியாக்கினார். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தினர், சூடேற்றும்போது நூலைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தால் வலிமை கூடும் என்று காட்டினர். இதுவே கார்பன் இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான்!

ஆனால் ஒரு குணத்தை மறக்கக் கூடாது. மூங்கில் நீளவாக்கில் எவ்வளவு பாரம் தாங்குகிறது! கத்தியை நுனியில் வைத்துத் தட்டினால் சட்டென்று பிளந்து விடுகிறது அல்லவா? கார்பன் இழையும் அப்படித்தான். நூல் ஓடும் திசையில்தான் பலம். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி 211 விமான இயந்திரத்துக்கு இதில் விசிறி இறக்கை செய்தது. 1970இல், பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது இறக்கை நொறுங்கியது. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்துக்குச் செலவு மேல் செலவாகி, 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்தது.

அதே 1970இல் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர், வானொலி அலையால் இயக்கும் பொம்மை ஹெலிகாப்டரை 11 கிலோமீட்டருக்கு மேல் பறக்க விட்டார். பொம்மை என்று நாம் சொன்னாலும், அதைப் பறக்க வைப்பது பெரியவர்களுக்கே பெரும்பாடு. அக்காலத்து இறக்கைகள் மரத்தாலானவை. பிற்பாடு கார்பன் துணியின் விலை இறங்க இறங்க, ஆர்வலர்கள் வீட்டிலேயே பாகங்கள் செய்யத் தொடங்கினார்கள்.

செய்முறை நமக்கு அந்நியமன்று. ரப்பர்ப் பாலில் ஆசிட் கலந்தால் உறைகிறதல்லவா? எபாக்சி என்ற பசையும் இன்னொரு திரவத்தைக் கலந்ததும் இறுகும். கார்பன் துணியை அதில் நனைத்து, நேர்வாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக அடுக்குவார்கள். மெழுகு பூசிய இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே வைத்துப் பாரம் ஏற்றி, ஒரு நாள் விடுவார்கள். மறுநாள் அலுமினியத்தைவிட இலேசான, விறைப்பான தகடு கிடைக்கும். அதை அறுத்து ஹெலிகாப்டரின் பக்கச் சட்டம் செய்வார்கள்.

அறுக்கும்போது எழும் தூசு மூச்சோடு உள்ளே போகும், தோலிலும் குத்தும். ஆகவே முகத்தை மூடி, தகட்டை நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். பச்சைப் பசை கையில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும், கையுறை அவசியம். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலிக் கம்பியைச் சட்டத்துக்கு வெளியே நீட்டி வைப்பதும் வழக்கம்.

சட்டம் சரி, சுழலும் இறக்கையை வீட்டில் செய்யலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் நீளமும் 120 கிராம் எடையும் உள்ள இறக்கை நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், அதன் அடிப்பகுதியை 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இழுக்கும். உள்ளே ஓரிடத்தில் பசை பிடிக்காமல் போனாலும், பிய்ந்து பறக்கும் துண்டு ஆளைக் கொன்றுவிடும். ஆதலால் விவரமறிந்தவர்கள் இறக்கையை மட்டும் கடையில் வாங்குகிறார்கள்.

தாமே செய்த தகட்டையும் அவர்கள் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள், நம் வீட்டுப் பெண்கள் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல. தெளிவான ஓசை வந்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. அந்தத் தகடு குப்பைக்குத்தான் போகும்.