ஊர் - ஒரு சொல், இரண்டு அர்த்தம்

பேராவூரணி என்ற பெயருக்குள்ளேயே 'ஊர்' இருக்கிறது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்குக்கும் பொதுவான பழைய திராவிடச் சொல் இது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'ஊரு'.

சோழர் காலத்தில் வேளாண் கிராமங்களில் நிலம் வைத்திருந்தவர்களின் அவைக்கே 'ஊர்' என்றுதான் பெயர். பிராமணர் கிராமங்களில் அது 'சபை'. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் தனித்தனியாகக் குறிக்கின்றன. இன்றும் பேச்சில் 'ஊரு, சேரி' என்ற பிரிவு மறையவில்லை.

கேரளத்திலோ 'ஊரு' என்றால் பெரும்பாலும் பழங்குடியினர் குடியிருப்பு. இத்தகைய பெயர்கள் இழிவாக ஒலிக்கின்றன என்று, 2024 ஜூனில் 'காலனி'யோடு 'ஊரு'வையும் கைவிடும்படி கேரள அரசு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் சேரியை வெளியே நிறுத்திய அதே சொல், அங்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இடத்துக்குப் பெயராகியிருந்தது.