தப்பு முதல் ட்ரிப் சுவிட்ச் வரை

ஒரு வீடு தன்னைச் சுற்றி நடப்பதை உணர்ந்து, யாரும் சொல்லாமலே ஒரு வேலையைச் செய்தால் அதைத் தானியங்கி வீடு என்கிறோம். இருட்டியதும் விளக்கு எரிவதும், தொட்டி நிரம்பியதும் மோட்டர் நிற்பதும் அந்த வகை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை) ஒன்றுக்குள் வரவேண்டிய முதல் தானியங்கி, மின்மானிக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச்தான். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வழியில் எங்கேனும் மின்சாரம் ஒழுகினால், ஒரு குழந்தையின் உடல் வழியாக நிலத்துக்கு இறங்கினால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை வெட்டிவிடுகிறது. கைப்பேசியால் மின்விசிறியை இயக்குவதைவிடப் பெரிய காரியம் இது. ஆனால் இந்தச் சிறு பெட்டியைச் சுவரில் பூட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்தச் சுவர் யாருடையது? நுவரெலியாவிலும் ஹட்டனிலும் உள்ள தோட்டங்களில் வீட்டுத் தானியக்கத்தின் வரலாறு, வீட்டின் மீது யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதன் வரலாறாகவே இருந்துவந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்குவது என்பதையும் அந்த வரலாறே தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

விடியுமுன், ஆளெடுக்கும் பெரட்டுக்கு அழைத்து ஒலித்த தப்புப் பறையிலிருந்து தொடங்குவோம். தப்போசை கேட்டதும் லயம் முழுவதும் எழுந்தது, அடுப்பு மூண்டது, பிள்ளைகள் பராமரிப்பு இடமான பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள், ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றார்கள். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆளை எண்ணி மலைக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’. கொழுந்து குறைந்தால், நேரம் பிந்தினால் அது ‘அரைப்பேர்’. ஒரு சமிக்ஞை பிறந்ததும் பல வேலைகள் ஒழுங்காகத் தொடர்வதே தானியக்கத்தின் அடிப்படை என்றால், இந்த மலைகளில் மின்சாரத்துக்கு முன்பே அது நடந்தது. சமிக்ஞை வீட்டுக்கு வெளியே பிறந்தது, வீடு கீழ்ப்படிந்தது. லயத்தின் அமைப்பே அதற்கு ஏற்றதுதான். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நின்ற, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அறைகளில் ஆளை எண்ணுவது எளிதாக இருந்தது. குடும்பம் ஒன்று தன் பொழுதைத் தானே வகுத்துக்கொள்ள அங்கே இடம் இருக்கவில்லை.

மேட்டிலிருந்த பங்களாவில் இதற்கு நேர்மாறான வாழ்க்கை நடந்தது. தோட்ட நிர்வாகியான தொரை எழும்போது தேநீர் மேசையில் இருந்தது, குளிக்க வெந்நீர் இருந்தது, மாலையில் கணப்பில் தீ மூண்டிருந்தது, விளக்குகள் எரிந்தன. நேரம் பார்த்து, வானிலை பார்த்து, வீட்டுக்காரரின் மனம் பார்த்து நடந்த இத்தனைக்கும் பின்னால் சமையலறையில் அப்பு எனப்பட்ட சமையல்காரரும், தண்ணீர் சுமந்தவரும், விறகு பிளந்தவரும், தோட்டவேலை செய்தவரும் இருந்தார்கள். இன்றைய தானியங்கி வீடு வாக்களிக்கும் சுகம், ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த மலைகளில் மனித உழைப்பால் கிடைத்த சுகம்தான். பங்களாவில் தண்ணீர் சுமந்தவர் வீடு திரும்பியதும், தன் வீட்டுக்குப் பீலித் தண்ணீரைத் தானே சுமக்க வேண்டியிருந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அறிவியலால் வந்ததன்று. ஒரு வீட்டில் இருந்தவர் கட்டளையிடலாம், மற்ற வீட்டில் இருந்தவர் முடியாது என்பதுதான் வேறுபாடு.

இயந்திரம் மலைக்கு வந்தபோதும் அது வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொடக்கத்தில் கொழுந்து கையால் உருட்டப்பட்டது. கரி அடுப்பின் மேல் காய்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வில்லியம் ஜாக்சனின் உருட்டு இயந்திரமும், பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த ‘சிரோக்கோ’ உலர்த்தியும் அந்த வேலைகளை ஏற்றன. மலை ஓடைகள் முதலில் நீர்ச்சக்கரங்களையும் பின்னர் டர்பைன்களையும் சுழற்றி, பல தொழிற்சாலைகளுக்கு விசை தந்தன. வாடல் மாடியில் காற்று எவ்வளவு, உலர்த்தியில் வெப்பம் எவ்வளவு என்பதை டீமேக்கர் அளவிட்டுக் கவனித்தார். ஒரு கொழுந்து எவ்வளவு ஈரத்தோடும் எவ்வளவு சூட்டோடும் இருக்கவேண்டும் என்று அக்கறைப்பட்ட தோட்டம், அதைப் பறித்த பெண் படுத்துறங்கும் அறையின் ஈரத்தையும் குளிரையும் அப்படி அளந்ததில்லை. கொழுந்தை உலர்த்துவது இலாபக் கணக்கில் ஏறியது. லயத்துச் சுவரை உலர்த்துவது செலவுக் கணக்கில் மட்டுமே ஏறியது.

இந்த மலைகள் நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்தவை என்பதை நினைத்தால் அந்தப் புறக்கணிப்பு இன்னும் கனக்கிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் ஆய்வுரை ஒன்றில் கணக்கோடு எடுத்துக்காட்டினார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோனது. 1950இல்தான் லக்சபான மின்நிலையம் 25 மெகாவாட் ஆற்றலோடு இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாக்கலை என நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அதன் கோயிலும் விகாரையும் இன்றும் வெளியே தெரிகின்றன. அந்த நீரில் பிறந்த மின்சாரம் உயரக் கம்பிகள் வழியாகத் தேயிலை மலைகளின் தலைக்கு மேல் கொழும்புக்குப் போனது. கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்களில், பின்னும் பல ஆண்டுகளுக்கு, மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பே எரிந்தது.

தோட்டங்கள் சிதறிக் கிடப்பவை, மேடு பள்ளம் மிக்கவை, கம்பி இழுக்கச் செலவு அதிகம் என்று இதற்குக் காரணம் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே மேட்டிலிருந்த தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் மின்சாரம் எட்டியது. தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துக்குத்தான் எட்டவில்லை. எனவே காரணத்தைச் சட்டத்திலும் தேடவேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், அவர்களில் எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பங்கிட்டது. காசல்ரீயில் நீர் நிறைந்த அதே காலத்தில், அதன் கரையில் வாழ்ந்தவர்கள் எந்த நாட்டவர் என்பதே முடிவாகாமல் இருந்தது. குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. குடியுரிமை வந்தும் வீடு சொந்தமாகவில்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது; 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கைமாற்றத்திலும் காம்பரா குடியிருந்தவரின் கைக்கு வரவில்லை. கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தது. தனக்கென்று முகவரியே இல்லாத வீட்டுக்கு மின் இணைப்பை யார் பெயரில் கொடுப்பது?

உலக வரலாற்றை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். வீட்டுத் தானியக்கத்தின் முதல் பரவலான முறையாகக் கருதப்படும் ‘எக்ஸ்10’, ஸ்கொட்லாந்தின் கிளென்ரொத்தஸ் நகரில் 1975இல் உருவாக்கப்பட்டது. தேயிலையை இங்கே பயிரிட்ட டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரரே. எக்ஸ்10இன் சூட்சுமம் எளிமையானது: புதிய கம்பி எதுவும் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி வழியாகவே விளக்குக்கும் விசிறிக்கும் கட்டளை போகும். சொந்த வீட்டில் சொந்தமான, ஒழுங்கான வயரிங் இருக்கிறது என்று அந்தக் கண்டுபிடிப்பு நம்பியது. அது பிறந்த 1975ஆம் ஆண்டில்தான் இலங்கையில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்தில் அப்போது கட்டளை அனுப்பக் கம்பியே இல்லை. பின்னாளில் மின்சாரம் வந்தபோதும் பல காம்பராக்களில் ஒரு பல்பும் ஒரு பிளக் பொயின்டும்தான் வந்தன; அடுத்த அறைக்கு அங்கிருந்தே கம்பி நீண்டது. லயங்கள் தீப்பற்றி எரிந்த செய்திகளில் மின் ஒழுக்கு என்ற சொல் அடிக்கடி வருவது இதனால்தான். ஒரு காம்பராவில் பிடித்த தீ, ஒரே கூரை என்பதால், வரிசை முழுவதையும் கொண்டுபோய்விடுகிறது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொலைபேசிக் கம்பிக்காகத் தோட்டம் காத்திருக்கவில்லை. கைப்பேசி நேராக வந்தது. அதுபோலவே மலிவான வைஃபை பல்பும் சோலார் விளக்கும் பழைய குறைகளைத் தாண்டிக்கொண்டு வந்துவிடாதா? பாதி உண்மை. கைப்பேசி சட்டைப் பையில் வாழ்கிறது; அதற்கு யாருடைய சுவரும் வேண்டாம். வீட்டுக் கருவி சுவரில், கூரையில், நிலத்தில் வாழ்கிறது. கருவியோ எச்சரிக்கையோ மட்டும் வந்து அதிகாரம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, ஊவாவிலுள்ள மீரியபெத்த தோட்டம் சாட்சி. அந்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்து தெரிந்திருந்தது, போய்க் குடியிருக்க வேறு நிலம் இருக்கவில்லை. அறிவிப்பைக் கேட்டு நடக்கும் சுதந்திரம் இல்லாத வீட்டில் மிகச் சிறந்த உணர்கருவியும் வெறும் ஓசையாகிவிடுகிறது.

கழிப்பறைக்கும் குடிநீருக்கும் வழியில்லாத இடத்தில் தானியங்கி வீடு பற்றிப் பேசுவதே ஆடம்பரம் என்பது இன்னொரு மறுப்பு. இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் முடிவை ஏற்கமாட்டேன். தானியக்கத்தின் சாரம் உழைப்பைக் குறைப்பது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து விறகு சுமந்து, தண்ணீர் சுமந்து, புகையில் சமைக்கும் பெண்ணைவிட அது யாருக்கு அதிகம் தேவை? சோறு வெந்ததும் தானாக அணையும் ரைஸ் குக்கர், தொட்டி நிரம்பியதும் தானாக மூடும் மிதவை வால்வு ஆகியவை இணையம் தேடாத, மாதக் கட்டணம் கேட்காத தானியங்கிகள். அவளுடைய மாலைப் பொழுதில் அரை மணி நேரத்தை அவை திருப்பித் தருமானால், அது நீதியின் ஒரு பகுதி. தானியக்கத்தை வசதி படைத்தவரின் விளையாட்டு என்று ஒதுக்கினால், பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த பழைய கோட்டை நாமே மறுபடியும் போட்டவர்களாவோம்.

ஆகவே தொடங்குபவருக்கு இந்த வரலாறு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. முதலில் பாதுகாப்பு: நிலத்தில் ஒழுங்காக இறங்கிய எர்த் கம்பி, ட்ரிப் சுவிட்ச், சுமை மீறினால் வெட்டும் பிரேக்கர், தகுதியுள்ள மின்வினைஞர் செய்த வயரிங். அடுத்து, உழைப்பைக் குறைக்கும் ஒரே ஒரு கருவி. அதன் பிறகே இருட்டினால் எரியும் இஸ்தோப்பு (முன்திண்ணை) விளக்கும் கைப்பேசிக் கட்டுப்பாடும். அந்தக் கட்டத்திலும் தெரிவு செய்யும்போது ஒரு சோதனை வைக்கவேண்டும்: இணையம் அறுந்தாலும் இது இயங்குமா, மின்சாரம் போய்த் திரும்பினால் பழைய நிலைக்குத் தானே வருமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. தூரதேசத்து சேர்வரின் தயவில் மட்டுமே எரியும் விளக்கு, சமிக்ஞையை மீண்டும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகிறது. வீட்டுக்குள்ளேயே கணக்கிட்டு முடிவெடுக்கும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ போன்ற திறந்த மூல மென்பொருள்கள் 2013 முதல் வளர்ந்து வருவதை இந்தக் கோணத்தில் பார்த்தால், மலையகத்துக்கு அவற்றின் பொருள் புரியும்.

சில மாற்றங்கள் கண்ணெதிரே நடக்கின்றன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்யத் தடையாக இருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தேவையோடு ஒப்பிட்டால் கட்டி முடிந்தவை கொஞ்சம்தான். வீட்டைக் கொடுத்தபின் காணி உறுதியையும் கையில் கொடுப்பதில் தாமதம் தொடர்கிறது. அந்த உறுதியைக் கேட்பதும், மின்மானியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்பதும், தொடங்குபவரின் முதல் வேலையாகவே எனக்குப் படுகின்றன. தோட்டத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாக ஒருவருடைய பேர் ஒரே ஏட்டில்தான் ஏறியது: கணக்கப்பிள்ளையின் செக்ரோலில், ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர். அதே பெயர் காணி உறுதியிலும் மின்பட்டியலிலும் ஏறும் வீட்டில், விடியற்காலை விளக்கு எப்போது எரியவேண்டும் என்பதை அந்த வீட்டார் சொல்வார்கள்.