பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே ஓர் ஆறு

கும்பகோணம் நகரத்தை ஒட்டிக் காவிரி ஓடுகிறது. ஆற்றுக்கு இப்பால் டவுன் உயர்நிலைப் பள்ளி. அப்பால் அரசினர் கல்லூரி. இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் கல்லூரி மாணவர்கள் கடந்து செல்ல அவ்விடத்தில் பாலம் இல்லை. ஆற்றில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் படகேறியே அக்கரை சேர்வார்கள். 1904-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வாறு ஆற்றைக் கடந்து எஃப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தவர்களுள் பதினாறு வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சீனிவாச இராமாநுஜன்.

இராமாநுஜன் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கணித மேதையானதை நீங்கள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பீர்கள். அந்தப் புகழை இங்கே மீண்டும் விரித்துரைக்க நான் வரவில்லை. பள்ளியில் பரிசுகளைக் குவித்த ஒரு மாணவர் கல்லூரியின் முதலாண்டிலேயே இடறி விழுந்தது எவ்வாறு, அவரைப் பள்ளியில் தாங்கி நின்றவர்கள் யார் என்னும் இரு கேள்விகளையே இன்று எடுத்துக்கொள்கிறேன். மேதைகளின் வரலாற்றில் இப்பகுதியைச் சிலர் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் உங்களுக்கோ இதுவே முதன்மையான பகுதி என்பது என் எண்ணம்.

இராமாநுஜனின் தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். மாத வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய். குடியிருந்தது சாரங்கபாணி சந்நிதித் தெருவில். 1897-இல் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார் பிள்ளை. அதன் பயனாக டவுன் பள்ளியில் அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. 1898 முதல் 1903 வரை ஆறு ஆண்டுகள் அப்பள்ளியிற் கற்றார். அரைச் சம்பளம் என்பது இன்று சிறு செய்தியாகத் தோன்றலாம். மாதம் 20 ரூபாயில் குடும்பம் நடத்திய வீட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா கடைக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய தொகை அது.

அப்பள்ளியின் மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர். இவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. இவர் செய்த ஒரு காரியத்துக்காகவேனும் இவரை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் பள்ளிக்குக் கால அட்டவணை அமைக்கும் பொறுப்பு அவருடையது. பள்ளியில் மாணவர் ஏறத்தாழ 1,200 பேர்; ஆசிரியர் 35 பேர். எந்த ஆசிரியர் எந்த மணி நேரத்தில் எந்த வகுப்புக்குச் செல்வது, ஒரே ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு வகுப்புகளுக்குப் பேராமல் பார்த்துக்கொள்வது எப்படி, எந்தப் பிரிவை எந்த அறையில் அமர்த்துவது என்பன போன்ற சிக்கல்கள் நிறைந்த வேலை அது. ஓரிடத்தில் ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றோரிடத்தில் நான்கு கட்டங்கள் குலையும். பள்ளியில் வேலை பார்த்தோர் அனைவரும் இதை அறிவர். இத்தகைய வேலையைக் கணபதி சுப்பையர் தம் மாணவராகிய இராமாநுஜனிடம் ஒப்படைத்தார்.

இதனை எண்ணிப் பாருங்கள். வகுப்பில் விரைந்து கணக்குப் போடும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து அமர்த்திவிடுவது எளிது. சில ஆசிரியர்களுக்கு அப்படிப்பட்ட பிள்ளை தொல்லையாகக்கூடத் தோன்றும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதான் வருமோ என்று அவர் ஒரு வகுப்பில் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அத்தகைய கேள்வியைக் கேட்ட மாணவரை வாயடக்கி வைக்கும் வகுப்புகள் உலகில் உண்டு. கணபதி சுப்பையரோ, பள்ளி முழுவதும் நம்பி நடக்க வேண்டிய அட்டவணையை அவர் கையிற் கொடுத்தார். அட்டவணை தவறினால் பழி ஆசிரியருக்கே வரும், மாணவருக்கு வராது. பாராட்டுரையைவிட இந்த நம்பிக்கை பெரிது என்று சொல்வேன்.

பாராட்டும் கிடைக்காமற் போகவில்லை. 1904-இல் நடந்த பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசு இராமாநுஜனுக்கு வழங்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரை அவையோருக்கு அறிமுகப்படுத்தியபோது, நூற்றுக்கு நூறு என்னும் அளவும் இம்மாணவருக்குப் போதாது, அதற்கு மேலும் அளித்தல் தகும் என்னும் கருத்துப்பட உரைத்தார். அதற்கு முன்பும் பள்ளியில் அவர் பல பரிசுகள் பெற்றிருந்தார். அவற்றுள் ஆங்கிலக் கவிதை நூல்களும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆங்கிலம் சிறிது நேரத்தில் மீண்டும் வரும்.

இராமாநுஜன் கற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் கற்றது அன்று. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடமிருந்து லோனி என்பவர் எழுதிய திரிகோண கணித நூலைப் பெற்றுத் தம் பதின்மூன்றாம் வயதிலேயே தேர்ந்துவிட்டார். 1903-இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 முடிபுகளை அடுக்கித் தரும் நூல் அது. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இராது. இருந்தாலும் குறிப்பளவில் இருக்கும். இந்நூலை எழுதிய கார் பெரிய ஆராய்ச்சியாளர் அல்லர். லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்து பிழைத்த தனிப்பயிற்சி ஆசிரியர். அத்தொழிலுக்காகத் தொகுத்த குறிப்புகளே நூலாயின. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய உதவும் என்று தொகுத்த நூல், குடந்தையில் ஓர் இளைஞரைத் தேர்வையே மறக்கச் செய்தது. நிரூபணம் இல்லாத ஒவ்வொரு முடிபும் அவருக்கு ஓர் ஆராய்ச்சியாயிற்று. விடைகளைத் தம் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டே போனார்.

1903 டிசம்பரில் மெட்ரிக்குலேஷன் தேர்வு. அக்காலத்தில் பல்கலைக்கழகமே நடத்திய நுழைவுத் தேர்வு அது. அதில் தேறிக் கல்லூரியிற் சேர்ந்ததும் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்தோர்க்கு வழக்கமாக வழங்கப்பட்டது அச்சம்பளம். இதுவரை எல்லாம் நேர்வழி.

எஃப்.ஏ. வகுப்பின் அமைப்பு வேறு. கணிதம் அதில் ஒரு பகுதியே. ஆங்கிலம், கிரேக்க உரோம வரலாறு, உடலியல் ஆகிய ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். ஒன்றிற் பெற்ற மிகுதி மற்றொன்றின் குறையை ஈடு செய்யாது. பள்ளியிலும் பல பாடங்கள் இருந்தன அல்லவா என்று கேட்பீர்கள். இருந்தன, அவற்றிலும் அவர் நன்றாகவே தேறியிருந்தார். ஆனால் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் மாணவரை ஆண்டுக்கணக்காக அறிவார். இன்று கவனம் சிதறினால் நாளைக் காலையில் அழைத்துக் கேட்பார். கல்லூரியில் விரிவுரையாளர் உரை நிகழ்த்திவிட்டுச் செல்வார்; கேட்டோமா இல்லையா என்பது நம் பொறுப்பு. இராமாநுஜன் கேட்கவில்லை. ஆங்கில வகுப்பாயினும் வரலாற்று வகுப்பாயினும் உடலியல் வகுப்பாயினும் அவர் உள்ளம் கணிதத்திலேயே இருந்தது. விளைவு விரைவில் வந்தது. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், மேல்வகுப்புக்கு உயர்த்தப்படவில்லை, உபகாரச் சம்பளமும் நின்றது. கவிதை நூல்களைப் பரிசாகப் பெற்ற பிள்ளைக்கு ஆங்கிலமே தடையாயிற்று!

தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரிற் கண்டு முறையிட்டார் என்பர். முதல்வர் மரியாதையாகவே பேசினார். விதியை மாற்ற மட்டும் இசையவில்லை. ஒரு பருவத்துக்குக் கல்லூரிச் சம்பளம் 32 ரூபாய். தந்தையாரின் ஒன்றரை மாத வருமானம்! 1905-இல் இராமாநுஜன் வீட்டாருக்குச் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்கு இரயிலேறிவிட்டார். திரும்பி வந்து மீண்டும் கல்லூரிக்குச் சென்றபோது வருகை நாட்கள் போதவில்லை. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய ஆற்றலை உணர்ந்து, கணித இதழ்களில் வரும் கடினமான வினாக்களை அவரோடு அமர்ந்து ஆராய்ந்தார். எனினும் உடலியல் அவரை விடவில்லை. உடல்நலமும் கெட்டது. 1907 டிசம்பரில் தனித் தேர்வராக எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியே. அத்துடன் கல்லூரிப் படிப்பு முடிந்தது.

இத்தோல்விக்குக் கல்லூரியை மட்டும் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. பலருக்கும் பொதுவாக வகுத்த விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் மற்றவர்க்கு என்ன விடை சொல்வது? தவிரவும், தாம் கண்டதைப் பிறர் உணருமாறு எழுதும் திறம் கணித அறிஞர்க்கும் வேண்டுவதே. ஆங்கிலக் கட்டுரையை எழுதப் பழகச் சொன்னதில் தவறில்லை. அவ்வாறே பள்ளியையும் குறைகூற இயலாது. அது தன்னால் இயன்றதைச் செய்தது. குறை இரண்டுக்கும் இடையே இருந்தது. பிள்ளையை முழுதும் அறிந்த கணபதி சுப்பையர் ஆற்றுக்கு இக்கரையில் இருந்தார்; விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் அக்கரையில் இருந்தார்கள். பிள்ளையைப் பற்றிப் பள்ளி அறிந்திருந்ததில் கல்லூரிக்குக் கிடைத்தது மதிப்பெண் மட்டுமே.

இவ்விடைவெளியை நிரப்பப் பின்னர்ப் பல ஏற்பாடுகள் செய்து பார்த்தார்கள். எஃப்.ஏ. மறைந்து இண்டர்மீடியட் வந்தது. அதுவும் மறைந்து ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி தொடங்கி, கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் இரண்டாண்டுகள் பள்ளிகளுக்கே வந்து சேர்ந்தன. ஆற்றைக் கடக்கும் துறை இக்கரைக்கும் அக்கரைக்குமாக மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. படகோட்டும் பணியோ பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் தோளிலேயே விழுந்திருக்கிறது.

இராமாநுஜனின் வாழ்க்கை பின்னர்த் திரும்பியது எவ்வாறு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர், குடந்தைக் கல்லூரியில் முன்பே அவரை அறிந்திருந்த சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் ஆகியோர் கைகொடுத்தனர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெற்றவர்க்கே உரிய ஆராய்ச்சி உதவியை, மாதம் 75 ரூபாய் வீதம், எஃப்.ஏ.கூடத் தேறாத அவருக்கு வழங்கியது. விதி தளர்ந்தது, ஆனால் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தளர்ந்தது. அவ்வெட்டு ஆண்டுகளில் அவர் பட்ட வறுமையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கைகொடுக்க எவரும் வாய்க்காமல், எஃப்.ஏ.வோடு நின்றுபோன மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் நமக்குத் தெரியா.

1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தபோது பழைய சிக்கல் புதிய வடிவில் எழுந்தது. உயர் கணிதத்தின் சில அடிப்படைப் பகுதிகளை இராமாநுஜன் கற்றதே இல்லை. நிரூபணம் என்பது எத்தகையது என்பதிலும் அவருக்குத் தெளிவு குறைவு. ஹார்டி என்ன செய்வது? வகுப்பில் அமர்த்தி முதலிலிருந்து எல்லாவற்றையும் முறையாகக் கற்பித்தால் அவருடைய தன்னம்பிக்கை குலையலாம். ஊற்றெடுக்கும் கற்பனை வற்றிவிடலாம். கற்பிக்காமல் விட்டாலோ, அறிந்தே தீர வேண்டியவற்றை அறியாமலே அவர் உழைப்பு வீணாகும். இவ்விரண்டுக்கும் அஞ்சியதாக ஹார்டியே பின்னர் எழுதியிருக்கிறார். ஆகவே உடன் அமர்ந்து, இன்றியமையாதவற்றை மட்டும், சிறிது சிறிதாகச் சொல்லிக் கொடுத்தார். தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றுக்கொண்டதே மிகுதி என்றும் அவர் கூறியதுண்டு.

ஹார்டியின் இந்தப் பக்குவத்தை உலகம் போற்றுகிறது, போற்றுதல் தகும். ஆனால் மாணவரின் தரம் அறிந்து, அதற்கேற்ற வேலையைக் கையிற் கொடுத்து, அருகில் நின்று பார்க்கும் அந்த முறை இராமாநுஜனுக்குப் புதியதன்று. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பே, 35 ஆசிரியர்களையும் 1,200 மாணவர்களையும் ஓர் அட்டவணைக்குள் அடக்கும் பொறுப்பைத் தந்தபோது, டவுன் பள்ளியில் ஒருவர் அதைச் செய்து காட்டியிருந்தார்.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியின் பேரில் இராமாநுஜனுக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. கிரேக்க வரலாறும் உடலியலும் அதற்குத் தேவைப்படவில்லை. மிகு பகு எண்களைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரையே போதுமானதாயிற்று. அக்கட்டுரை எழுதப்பட்ட மொழி ஆங்கிலம்.