ரிட்லியின் இன்னொரு மரம்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுகிற யாரும் ஹென்றி ரிட்லியைத் தாண்டிப் போக முடியாது. 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டவர். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளைத் துரத்தித் துரத்திச் சொன்னவர். கடைசியில் கேட்டார்கள். காடு போய்த் தோட்டம் வந்தது. நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் பால் வெட்டக் கப்பலேறினாங்க.

அதே ரிட்லி பெயர் வைத்த இன்னொரு மரம் உண்டு. விசிறி இலையோடு பாறை இடுக்கில் வளரும் குட்டைப் பனை. பாறைவாசி என்ற பொருளில் 'ரூபிகோலா' என்றார். 1941இல் ஃபுர்டாடோ அதற்காகப் புதிய பேரினமே உருவாக்கினார். இன்று அதன் பெயர் மேக்ஸ்புரெட்டியா ரூபிகோலா. உலகத்திலேயே சிலாங்கூரின் ஒருசில சுண்ணாம்புக் குன்றுகளில் மட்டும்தான் இருக்கிறது. அதில் ஒன்று பத்துமலை.

272 படி ஏறுறோம், 140 அடி முருகனை அண்ணாந்து பார்க்கிறோம். பின்னால் நிற்கிற பாறையில் என்ன வளருதுன்னு பார்த்ததில்லை. அந்த மலையிலும் கல் உடைத்தார்கள். 1980களில்தான் நின்றது.

மற்ற குன்றுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுண்ணாம்புக்கல் இல்லாமல் சிமெண்ட் இல்லை. பொறியாளனாக நான் கையெழுத்திடும் கொங்கிரீட் சீட்டில் தரம் இருக்கும், அளவு இருக்கும். எந்தக் குன்று என்று இருக்காது.

தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் 1,216 தாவர இனங்களைப் பதிவு செய்தார் சின் சீ சுங். சில ஒரே குன்றோடு முடிந்துவிடுபவை. ஈப்போவுக்கு அருகே குனோங் கந்தானில் மட்டும் கண்டறியப்பட்ட வத்திக்கா கந்தானென்சிஸ் என்ற மரத்துக்கு 2014இல்தான் பெயரே கிடைத்தது. அதற்குள் அந்தக் குன்றின் ஒரு பகுதி சிமெண்டாகிப் போயிருந்தது. அதே ஆண்டு அங்கிருந்த ஒரு நத்தைக்கு, குன்றை வெட்டிய லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் வைத்தார்கள்: சரோப்பா லஃபார்ஜி.

ரப்பர் கன்றுகள் 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்தன. போன இடத்திலெல்லாம் வேர் பிடித்தன. குன்றுச் செடிகள் அப்படியல்ல. அந்தப் பாறை, அந்த நிழல், அந்த ஈரம், எல்லாம் சேர்ந்தால்தான் அவை.

நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்தக் குன்றில் மட்டும் வளர்வது என்ன என்று பட்டியல் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். சுண்ணாம்புக்கல் தரைக்கு அடியிலும் கிடக்கிறது. இந்தப் பனைக்குக் குன்றை விட்டால் வேறு இடமில்லை.