மட்டாஞ்சேரிச் சுவரோவியரின் அன்றாடத் தொழில்

சேலத்தில் தொடங்கிக் கோவை, பாலக்காடு, திருச்சூர் ஆகிய ஊர்களைக் கடந்து வரும் நெடுஞ்சாலை, கொச்சியின் வட வாயிலாகிய இடப்பள்ளியில் வந்து முடிகின்றது. அலுவல் கருதியும் வாணிகம் கருதியும் தமிழ்நாட்டை விட்டு இந்நகரில் குடியேறிய நம்மவர் பலருக்கும் கொச்சியின் முதல் அறிமுகம் இடப்பள்ளிதான். அங்கிருந்து எறணாகுளத்தைக் கடந்து, காயலின் மேல் அமைந்த பாலங்களையும் தாண்டி மேற்கே சென்றால் மட்டாஞ்சேரியை அடையலாம். மிளகும் சுக்கும் மணக்கும் பண்டசாலைகளுக்கு நடுவே, வெளித்தோற்றத்தில் அவ்வளவாக ஆடம்பரமில்லாத ஓர் அரண்மனை அங்கே நிற்கின்றது. அதன் சுவர்களில் ஓவியம் எழுதிய தொழிலாளரைப் பற்றியே நாம் இங்குச் சிந்திக்க விழைகின்றோம்.

இவ்வரண்மனையின் வரலாறே ஒரு விந்தை. 1555-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகீசியர் இதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்குக் காணிக்கையாக அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இதனைப் பழுதுபார்த்தனர். அன்று முதல் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கட்டியவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் மற்றொருவர். ஆயினும் உள்ளே நுழைந்தால் நடுமுற்றத்தைச் சூழ்ந்த கேரள நாலுகெட்டு அமைப்பையே காண்கின்றோம். முற்றத்தில் கொச்சி அரச குடும்பத்தாரின் குலதெய்வமாகிய பழையன்னூர் பகவதி எழுந்தருளியிருக்கின்றாள்.

மேல்தளத்தில் உள்ள பள்ளியறையின் சுவர்களில் இராமாயணம் விரிகின்றது. தசரதன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்வது முதல், இராமன் சீதையுடன் அயோத்திக்கு மீள்வது வரை கதை தொடர்ந்து எழுதப்பட்டுள்ளது. ஓர் உருவத்திற்கும் மற்றோர் உருவத்திற்கும் இடையே வெற்றிடமே இல்லாதபடி, மரமும் விலங்கும் மாந்தரும் தேவரும் செறிந்து நிற்கின்றனர். காண வருவோர் இராமன் யார், இராவணன் யார் என்று வினவுகின்றனர், வியக்கின்றனர், அடுத்த அறைக்குச் செல்கின்றனர். இவற்றை எழுதிய கைகள் நாள்தோறும் என்ன செய்தன என்று வினவுவோர் அரியர். அதற்குக் காரணமும் உண்டு. முற்றுப்பெற்ற ஓவியம் தன்னை ஆக்கிய உழைப்பைத் தானே மறைத்துக்கொள்கின்றது.

ஆனால் படிக்கட்டில் இறங்கிக் கீழ்த்தளத்து அறைகளுக்குச் சென்றால் வேறொரு காட்சி கிடைக்கின்றது. மேல்தளத்து ஓவியங்களுக்குப் பிற்பட்ட காலத்தனவாகிய ஓவியங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் சில முற்றுப்பெறாதவை. கோடு எழுதப்பெற்று, வண்ணம் முழுதும் ஏறாமல் நின்றுவிட்ட உருவங்கள் அவை. இவற்றைக் குறைப்பட்ட ஓவியங்கள் என்று சிலர் கடந்து செல்லக்கூடும். நம் கருத்தில் அரண்மனையிலேயே மிகுதியாகப் பேசும் சுவர் அதுதான். ஓவியனின் ஒரு வேலை நாள் அதில் அப்படியே உறைந்து கிடக்கின்றது.

அந்த வேலை நாள் எத்தகையது என்பதை அறிய நமக்கு இரண்டு துணைகள் உள்ளன. ஒன்று, ‘சில்பரத்தினம்’ என்னும் வடமொழி நூல். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் என்பவர் கேரளத்தில் இயற்றிய இந்நூலில் ஓவியத்தின் இலக்கணம் கூறும் பகுதி ஒன்று உண்டு. திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் இதன் முதற்பாகம் 1922-இல் அச்சேறியது. மற்றொன்று, ஆசிரியன் மாணவனுக்குக் கைவழியாகக் கற்பித்து வந்த மரபு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓவியனின் தொழில் தூரிகையில் தொடங்கவில்லை, சுண்ணாம்பில் தொடங்கிற்று என்பது விளங்கும்.

முதலில் சுவரைப் பக்குவம் செய்தல் வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கூட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப்பாகும் சேர்த்துச் சாந்து அரைத்துச் சுவரில் பூசுவர். இரண்டாம் பூச்சில் சுண்ணாம்பும் மணலும் பஞ்சும் சேரும். பஞ்சைச் சாந்தோடு இழைய அரைத்துச் சேர்ப்பதனால் சுவருக்கு வெண்மையும் பிடிப்பும் உண்டாகின்றன. மூன்றாவதாக, சுண்ணாம்பை இளநீரில் கரைத்து, மெல்லிய பூச்சாக இருபத்தைந்து முதல் முப்பது முறை வரை பூசுவர். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறு பூச்சு. நாளொன்றுக்கு இரண்டு பூச்சு என்று கொண்டாலும், ஒரு கோடு எழுதுவதற்கு முன்னே இரண்டு வாரங்கள் கழிந்துவிடும். கொச்சியின் மழைக்காலத்தில் சுவர் எளிதில் உலர்வதில்லை என்பதை இங்கு வாழ்வோர் நன்கு அறிவர்.

அடுத்தது வண்ணங்களைச் சேகரித்தல். கடையில் வாங்கும் வண்ணம் அன்று இல்லை. காவியும் மஞ்சளும் மண்ணிலிருந்தே வந்தன. கேரளத்தார் வெட்டுக்கல் என்று கூறும் செந்நிறக் கல்லைப் பொடித்து, நீரில் கரைத்து, தெளிய வைத்து, வண்டலை எடுத்து அரைத்தனர். கறுப்பு வேண்டின் நல்லெண்ணெய் விளக்கின் சுடர்மேல் மட்கலத்தைக் கவிழ்த்துப் படியும் புகைக்கரியைத் திரட்டினர். பச்சைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். அவுரியின் நீலத்தோடு, ‘எரவிக்கரை’ எனும் மரத்தின் மஞ்சட் பிசினைக் கலந்து பச்சையாக்கினர். வண்ணம் சுவரில் பற்றுவதற்கு வேப்பம்பிசின் துணைசெய்தது. வெண்மைக்கு மட்டும் தனி வண்ணம் தேவைப்படவில்லை. முப்பது முறை பூசிய சுவரே வெண்மை. வேண்டிய இடத்தில் அதனைத் தீண்டாமல் விடுவதே ஓவியனின் திறம்.

தூரிகைகளும் அவன் கையாலேயே ஆயின. கன்றின் காதுமயிர், ஆட்டின் வயிற்றுமயிர், புல்லின் நுனி ஆகியவற்றைக் கொண்டு பருமை, நடுமை, நுண்மை எனப் பலவகைத் தூரிகைகள் செய்யும் முறையை நூல் கூறுகின்றது. ‘இய்யாம்புல்’ என்னும் புல்லைக் கட்டித் தூரிகை செய்யும் வழக்கம் கேரளத்தில் இன்றும் உண்டு. பழைய செங்கற்பொடியையும் உலர்ந்த சாணத்தையும் நீர்விட்டு அரைத்துத் திரித்த குச்சியே அவன் எழுதுகோல். அதற்குக் ‘கிட்டலேகினி’ என்று பெயர்.

இத்தனைக்கும் பிறகே எழுதும் நாள் வருகின்றது. எழுதப்போகும் தெய்வத்தின் நிறம், கைகளின் எண்ணிக்கை, ஏந்திய படைக்கலம், அமர்ந்த நிலை ஆகியவற்றைக் கூறும் தியான சுலோகத்தை ஓவியன் மனத்தில் இருத்திக்கொள்வான். கிட்டலேகினியால் முதல் வரைவு. பின்னர் வண்ணக் கோட்டால் அதனை உறுதி செய்தல். அதன்பின் நிறங்கள் ஒழுங்கு தவறாமல் ஏறும். முதலில் மஞ்சள், அடுத்துச் சிவப்பு, பின்னர்ப் பச்சை என்று, வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்தை நோக்கிச் செல்வதே முறை. சாத்துவிக குணமுடைய இராமனும் கிருஷ்ணனும் பச்சை நிறம் பெறுவர். இராசச குணத்தைச் செம்மையும் பொன்மையும் உணர்த்தும். இதன்மேல் நுண்புள்ளிகளாலும் மெல்லிய கீற்றுகளாலும் நிழல் காட்டி உருவத்திற்குத் திரட்சி தருவர். எல்லாம் முடிந்த பின்னரே கறுப்புக் கோடு. அக்கோடு விழுந்தபிறகு திருத்தத்திற்கு இடமில்லை. கீழ்த்தளத்துச் சுவரில் நாம் காண்பது இவ்வரிசையின் இடையில் நின்றுபோன ஒரு நாளையேயாகும். எந்தப் படி முடிந்தது, எந்தப் படி முடியவில்லை என்பதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம்.

நம்மவர்க்கு இங்கே ஓர் ஒப்பீடு பயன் தரும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சின் அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். அவற்றின் சாந்தை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன், அவை ஈரச் சுண்ணாம்பின்மேல் எழுதப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். ஈரச் சுவரில் எழுதுபவன் சுண்ணாம்பு உலர்வதற்குள் முடித்தாக வேண்டும். அவனுக்கு விரைவே உயிர். மட்டாஞ்சேரி ஓவியனோ உலர்ந்த சுவரில் எழுதினான். அவனுக்குப் பொறுமையே உயிர். இரு நாட்டார்க்கும் பொருள் ஒன்று, சுண்ணாம்பு. ஆனால் நேரத்தோடு அவர்கள் கொண்ட உறவு வேறு.

இவ்வளவு நுட்பமான தொழில் ஏறக்குறைய அழிந்துபோகும் நிலையை எய்தியதும் உண்டு. எண்ணெய் வண்ணமும் அச்சிட்ட படமும் பரவிய பின், கோயிற் சுவரில் எழுதுவிப்போர் குறைந்தனர். கற்க வருவோரும் குறைந்தனர். நூல் ஏட்டிலும் அச்சிலும் இருந்தது. கை மட்டும் இல்லாமற்போகும் காலம் நெருங்கிற்று. 1970 நவம்பர் 30-ஆம் நாள் குருவாயூர்க் கோயிலில் பெருந்தீ மூண்டது. பழைய சுவரோவியங்களும் கேடுற்றன. அவற்றை மீண்டும் எழுத வல்லவர் யார் என்ற வினா எழுந்தபோது, மரபு அறிந்த முதியோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அவர்களுள் ஒருவராகிய மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர், பிறருடன் சேர்ந்து அச்சுவர்களை மீண்டும் எழுதினார். இந்த அறிவு மறுபடியும் ஓரிருவர் உயிரோடு மட்டும் ஒட்டியிருத்தல் ஆகாது என்பதை உணர்ந்த குருவாயூர் தேவசம், 1989-இல் சுவரோவியப் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கிற்று. கிருஷ்ணன்குட்டி நாயரே அதன் தலைமை ஆசிரியரானார். இன்று கேரளத்தில் புதிய சுவர்களில் பழைய முறையில் எழுதும் இளைஞர் பலர் அக்கழகத்தின் வழி வந்தவரே.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. சில்பரத்தினம் அழியவில்லை, ஆயினும் அந்நூல் ஒன்றே கலையைக் காத்திருக்க முடியாது. சாந்து பதமாயிற்றா என்பதை விரல் அறியவேண்டும். பிசின் மிகுந்ததா குறைந்ததா என்பதைத் தூரிகையின் இழுப்பு அறியவேண்டும். இவை எழுத்தில் அடங்குவன அல்ல. ஒருவர் செய்ய, மற்றொருவர் அருகிருந்து கண்டு, தாமும் செய்து அறிவன. பிற மாநிலத்தில் வாழ்ந்து, வீட்டில் தமிழ் பேசி, பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்க முயலும் நமக்கு இது புதிய செய்தி அன்று. அலமாரியில் நூல் இருப்பது போதாது. நாள்தோறும் வழங்கினால்தான் மொழியும் நிற்கும்.

ஆகவே, மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்லும் அன்பர்கள் பள்ளியறையின் இராமாயணத்தைக் கண்டு களித்தபின், சிறிது நேரம் கீழ்த்தளத்திற்கும் ஒதுக்குவார்களாக. உடன்வரும் பிள்ளைகளை அந்த முற்றுப்பெறாத சுவரின் முன் நிறுத்தி, அடுத்து எந்த நிறம் ஏறியிருக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். விடை காண முயலும் அளவில், நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே நின்று எழுதிய ஒரு தொழிலாளியின் எண்ணத்தோடு அவர்கள் எண்ணமும் சேர்ந்து செல்லும்.